துணியைப் பார்த்தால் மெஷினுக்கு என்ன நோய் என்று தெரியும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் சேமிப்பு, வங்கி இணைப்பு, சுழல் நிதி என்று பெரிய விஷயங்களைப் பேசினார்கள். நான் ஊசியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. நம்ம கூட்டமைப்பில் நிட்டிங் மெஷின் வாங்கிய குழுக்கள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். அதில் எத்தனை மெஷின் இன்றைக்கு ஓடுகிறது, எத்தனை மெஷின் பழைய சேலை போர்த்திக்கொண்டு உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். மெஷின் நின்றாலும் கடன் தவணை நிற்காது. அதனால்தான் ஊசியைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் இந்த மெஷினைப் பழகி பதினெட்டு வருஷம் ஆகிறது. கொஞ்ச வருஷமாக யார் கூப்பிட்டாலும் ஒரு டப்பா ஸ்குரூ டிரைவர், ஒரு பிரஷ், ஒரு பாட்டில் எண்ணெயோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். போன இடங்களில் பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு குழுவைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். பன்னிரண்டு பேர். கடன் வாங்கி இரண்டு மெஷின் எடுத்தார்கள். முதல் வருஷம் நன்றாக ஓடியது. சீசனுக்குக் குல்லா, மப்ளர், பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஸ்வெட்டர் ஆர்டர். இரண்டாவது வருஷம் ஒரு மெஷினில் கண்ணி கண்ணியாக நழுவ ஆரம்பித்தது. விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டால், ஆள் கீழே இருந்து வரணும், வந்து போகிற செலவு நீங்கதான் தரணும் என்று பதில். ஆள் வரவேயில்லை. ஆர்டர் கைவிட்டுப் போனது. அடுத்து நடந்ததுதான் மோசம். "கடைசியா நீதான் ஓட்டுன", "உன் பிள்ளைதான் கேரேஜை இழுத்து விளையாடுச்சு" என்று பேச்சு வளர்ந்து, இரண்டு பேர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். சேமிப்பு விடுபட்டது. குழுவே உடையும் நிலைமை.

நான் போய் அந்த மெஷினைத் திறந்து பார்த்தேன். பெட்டுக்குள் ஊசிகளை மேலிருந்து அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு நீளமான தகடு இருக்கிறது, அதன் அடியில் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். அந்த ஸ்பாஞ்ச் நசுங்கிப் போய், அப்பளம் மாதிரி தட்டையாக, தொட்டால் தூள் தூளாக உதிர்ந்தது. யாரும் எதையும் கெடுக்கவில்லை. ஸ்பாஞ்சுக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு முழ ஸ்பாஞ்சுக்காகப் பன்னிரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். அந்த ஸ்பாஞ்சை எப்படி மாற்றுவது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது எப்படி?

நமக்கு ஒரு பழக்கம். மெஷின் மக்கர் பண்ணினால் உடனே ஸ்குரூ டிரைவரை எடுப்போம், இல்லையென்றால் டயலைத் திருப்புவோம். இரண்டும் வேண்டாம். முதலில் துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். தப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள்.

தப்பு நெடுக்கே, மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் வருகிறதா? அப்படியென்றால் அது ஊசி. அந்த ஒரு ஊசி ஒவ்வொரு வரிசையிலும் அதே தப்பைச் செய்கிறது. தப்பு குறுக்கே, ஒரு வரிசை இறுக்கம், ஒரு வரிசை தளர்வு என்று வருகிறதா? அது நூல், இல்லாவிட்டால் நூலைப் பிடிக்கும் டென்ஷன். ஓரத்தில் மட்டும் கண்ணி தொங்குகிறதா? அது வெயிட்டும் மேலே ஆடுகிற கம்பியும். எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அகலம் முழுக்க நழுவுகிறதா? அது ஸ்பாஞ்ச், அல்லது கேரேஜுக்கு முன்னால் மாட்டியிருக்கும் பிளேட்டின் அடியிலுள்ள பிரஷ். இந்த நாலையும் மனசில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போலத்தான்.

இப்போது ஊசி. நம்ம மெஷினில் 200 ஊசி. நடுவில் பூஜ்யம், இடது பக்கம் 100, வலது பக்கம் 100. ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைவெளி 4.5 மில்லிமீட்டர். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கொக்கி, கொக்கிக்குக் கீழே ஆடுகிற ஒரு சின்ன நாக்கு. ஊசி முன்னால் போகும்போது பழைய கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு பின்னால் போகும். கொக்கி புது நூலைப் பிடிக்கும். ஊசி திரும்பி வரும்போது அதே பழைய கண்ணி நாக்கை மூடிவிட்டு மேலே தாண்டி விழும். நாக்கு திறந்து மூடினால் கண்ணி, திறக்காவிட்டால் ஓட்டை. மெஷினில் நடப்பது மொத்தமும் இதுதான். மற்றதெல்லாம் இந்த ஊசியை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கான ஏற்பாடு.

அதனால் மாதம் ஒரு தடவை, 200 ஊசியையும் முன்னால் இழுத்துவிட்டு, விரல் நுனியால் ஒவ்வொரு நாக்கையும் தட்டிப் பாருங்கள். லேசாக, தடங்கல் இல்லாமல் ஆட வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் உள்ளே பஞ்சும் பழைய எண்ணெயும் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஒரு ஸ்கேலைக் கொக்கிகளின் நுனியில் படுக்கையாக வைத்துப் பாருங்கள். எந்த ஊசி தலையைத் தூக்குகிறது, எது ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வளைந்த ஊசியைக் கொறடால் நிமிர்த்தி மறுபடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். நிமிர்த்திய ஊசி பார்வைக்கு நேராக இருக்கும், கேரேஜ் வேகமாக வரும்போது நூலில் மாட்டும். அப்போது ஒரு ஊசியோடு போகாது, பக்கத்தில் நாலு ஊசியையும் வளைத்துவிட்டுப் போகும். புது ஊசி ஒன்றின் விலை ஒரு சாப்பாட்டுக் காசு கூட ஆகாது.

ஊசி மாற்றுவது காய் நறுக்குவதைவிடச் சுலபம். பக்கவாட்டில் இருக்கும் அந்த ஸ்பாஞ்ச் தகட்டை ஒரு முனையில் தள்ளி, மறுமுனையில் பிடித்து இழுங்கள், வந்துவிடும். மாற்ற வேண்டிய ஊசியை முழுக்க முன்னால் தள்ளி, கொக்கிப் பக்கத்தைக் கீழே அழுத்தினால் பின்முனை மேலே தூக்கும். பின்பக்கமாக உருவுங்கள். புது ஊசியை அதே வழியில் உள்ளே விடுங்கள். தகட்டை ஸ்பாஞ்ச் கீழே பார்க்க, எல்லா ஊசிக்கும் மேலே போகும்படி திரும்பத் தள்ளுங்கள். ஒரு ஊசியாவது தகட்டுக்கு மேலே நின்றுவிட்டால் தகடு போகாது. அடித்துத் தள்ளாதீங்க, மற்ற ஊசிகளை விரலால் அழுத்திக்கொண்டே தள்ளுங்க.

கையில் புது ஊசி இல்லையா? நாளைக்கு ஆர்டர் கொடுக்கணுமா? ஓரத்து ஊசியை எடுத்து நடுவில் போடுங்கள், நடுவில் இருந்த கெட்ட ஊசியை ஓரத்தில் போட்டு முழுக்கப் பின்னால் தள்ளி வையுங்கள். குழந்தை ஸ்வெட்டருக்கும் குல்லாவுக்கும் 200 ஊசி தேவைப்படாது. கடைசி இருபது இருபது ஊசி இரண்டு பக்கமும் சும்மாதான் இருக்கும். அதுதான் நம்ம சேமிப்புக் கணக்கு.

இந்த இடமாற்றத்தில் இன்னொரு லாபம். கெட்டது என்று நினைத்த ஊசியை வேறு இடத்தில் போட்டுப் பத்து வரிசை ஓட்டிப் பாருங்கள். தப்பும் ஊசியோடு அங்கே போனால் ஊசிதான் கெட்டது. ஊசி போய், தப்பு பழைய இடத்திலேயே நின்றால், அந்த ஊசி ஓடும் குழியில் அழுக்கு இருக்கிறது அல்லது முன்னால் இருக்கும் பல் சாய்ந்திருக்கிறது. ஆளை மாற்றினாலும் வீட்டில் சண்டை நிற்கவில்லையென்றால் கோளாறு வீட்டில்தான் என்று எங்கள் பாட்டி சொல்லுவார்.

இந்த ஊசிக்கு ஒரு கதை உண்டு. 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னுகிற முதல் இயந்திரத்தைச் செய்தார். அதை எலிசபெத் ராணியிடம் காட்டியபோது, கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைப் பெண்களின் பிழைப்பு போய்விடும் என்று சொல்லி ராணி உரிமம் தர மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு இருநூற்றைம்பது வருஷம் கழித்து, 1840-களில் மேத்யூ டவுன்சென்ட் என்பவர் இந்த நாக்கு வைத்த ஊசியைக் கொண்டுவந்தார். 1860-களில் அமெரிக்காவில் ஐசக் லாம்ப் என்பவர் இந்த ஊசியை வரிசையாக அடுக்கித் தட்டையான மெஷின் செய்தார். அதன் பேரன் பேத்திகள்தான் நம்ம வீட்டில் இருப்பவை. நம்ம மலையில் இருந்து பழநி வழியாக இறங்கினால் திருப்பூர். அங்கே பனியன் கம்பெனிகளில் வட்டமாகச் சுற்றி ஓடுகிற பெரிய மெஷின்களிலும் இதே நாக்கு ஊசிதான். அங்கே வேலைக்குப் போய்வந்த பிள்ளைகள் உங்கள் ஊரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஊசி உடைந்தால் துணியில் நெடுக்கே கோடு விழும் என்று அவர்களும் சொல்வார்கள். ராணி கவலைப்பட்ட அந்த ஏழைப் பெண்கள் நாம்தான் என்றால், மெஷின் நம்ம கையில் வந்துவிட்டது. அதை ஓடவிடுவதும் நம்ம கையில்தான் இருக்கிறது.

சரி, ஸ்பாஞ்சுக்கு வருவோம். தகட்டை வெளியே எடுத்து ஸ்பாஞ்சை விரலால் அழுத்துங்கள். அழுத்தி விட்டால் மேலே எழும்ப வேண்டும். எழும்பாமல் பள்ளம் விழுந்தே நின்றால் அது செத்த ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்ச் செத்தால் ஊசிகள் பெட்டோடு ஒட்டிப் படுக்காமல் தலை தூக்கும். கேரேஜுக்கு அடியில் இருக்கும் பாதைக்குள் ஒழுங்காக நுழையாது. கண்ணி நழுவும், பேட்டர்ன் தப்பும், சில சமயம் ஊசி வளையும். பழைய ஸ்பாஞ்சையும் பசையையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் சுரண்டித் துடைத்துவிட்டு, கதவு ஜன்னல் இடுக்கில் காற்று வராமல் ஒட்டுகிற ஃபோம் டேப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதை வாங்கிப் பழைய அளவு உயரத்துக்கு ஒட்டுங்கள். அதன் மேல் மெல்லிய ரிப்பன் துணி ஒன்றை ஒட்டிவிட்டால் ஊசி அதன் மேல் வழுக்கி ஓடும், ஃபோம் கிழியாது. கடையில் வாங்கும் அசல் தகடுதான் சிறந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வரும்வரை மெஷின் நிற்க வேண்டியதில்லை. அந்தக் குழுவில் அன்றைக்குச் செய்தது இதுதான். சாயங்காலத்துக்குள் துணி சுத்தமாக விழ ஆரம்பித்தது. வராமல் இருந்த இரண்டு பேரில் ஒருவர் அடுத்த கூட்டத்துக்கு வந்தார். இன்னொருவர் வரவில்லை. ஸ்பாஞ்சை மாற்றுவது போல அது அவ்வளவு சீக்கிரம் நடக்கிற காரியமா?

எண்ணெய் விஷயத்தில் நம்ம ஊருக்கென்று ஒரு கஷ்டம் இருக்கிறது. பாதி வீடுகளில் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே சீசன் மாதத்திலேயே அந்தச் சூட்டை எட்டுவது அபூர்வம். தலைக்கு வைக்கும் பாட்டிலையே அடுப்புப் பக்கம் வைத்து உருக்குகிறோம். அதே எண்ணெய் கேரேஜுக்குள் என்ன ஆகும்? மெழுகு மாதிரி உறைந்து, பஞ்சைச் சேர்த்துக்கொண்டு, நாக்கையெல்லாம் ஒட்டிவிடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கொஞ்சம் தாழ்வு, அங்கே பகலில் உருகி ராத்திரி உறையும், அது இன்னும் மோசம். நல்லெண்ணெயும் வேண்டாம், அது நாளானால் பிசினாகும். தையல் மெஷினுக்கு விடுகிற வெள்ளை எண்ணெய் மட்டும்தான். அதுவும் ஊற்றக் கூடாது. ஒரு துணியில் நாலு சொட்டு விட்டு, கேரேஜ் ஓடுகிற முன் தண்டவாளம், பின் தண்டவாளம், ஊசிகளின் முதுகில் நிற்கிற அந்தக் குமிழ், இந்த மூன்று இடத்திலும் துடைத்தால் போதும். பிறகு கழிவு நூலில் இருபது வரிசை ஓட்டி, எண்ணெய்க் கறையை அதில் இறக்கிவிட்டு ஆர்டர் நூலைப் போடுங்கள். வெள்ளை ஸ்வெட்டரில் எண்ணெய்க் கோடு விழுந்தால் அது துவைத்தாலும் போகாது.

ஏற்கெனவே தேங்காய் எண்ணெய் விட்டு இறுகிப்போன மெஷின் இருந்தால் பயப்பட வேண்டாம். ஊசிகளை உருவி, ஒரு பழைய டப்பாவில் மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் பல் தேய்க்கும் பழைய பிரஷால் தேய்த்து, வெயிலில் துணி மேல் பரப்பிக் காயவிட்டு, லேசாக எண்ணெய் தொட்டுத் திரும்பப் போடுங்கள். இதை அடுப்படியில் செய்யாதீங்க. திண்ணையில், தீ இல்லாத இடத்தில் செய்யுங்க.

பிரஷ் என்று சொன்னேனே, அதையும் பாருங்கள். கேரேஜுக்கு முன்னால் மாட்டியிருக்கும் பிளேட்டின் அடியில் வட்டமான சின்ன பிரஷ்களும் ரப்பர் சக்கரங்களும் இருக்கும். பிரஷ் சுற்றினால்தான் ஊசி நாக்கு மூடாமல் திறந்து நிற்கும். அதன் தண்டில் நூல் பிசிர் சுற்றிக்கொண்டு பிரஷ் சுற்றாமல் நின்றுவிடும். ஸ்குரூவைக் கழற்றி, ஊக்கால் பிசிரை எடுத்துவிட்டு மாட்டினால் சரி. இதற்கு ஆள் கூப்பிட்டுப் பணம் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டென்ஷன் டென்ஷன் என்று எல்லோரும் சொல்கிறோம், இங்கே நூலின் டென்ஷனைத்தான் சொல்கிறேன், நம்ம டென்ஷன் இல்லை. மேலே கம்பத்தில் இரண்டு தட்டு இருக்கும், நூல் அதன் நடுவே போகும். அங்கே பஞ்சு சேர்ந்தால் நூல் சில சமயம் சிக்கும், சில சமயம் நழுவும். ஒரு துண்டு நூலை நடுவில் விட்டு இழுத்தாலே பஞ்சு வந்துவிடும். நூல் ஓடும்போது மேலே இருக்கும் கம்பி மெதுவாகத் தலையாட்ட வேண்டும், கூட்டத்தில் ஒத்துக்கொள்கிற மாமியார் மாதிரி. அது ஆடாமல் கீழே குனிந்தே நின்றால் இறுக்கம் அதிகம். துள்ளிக்கொண்டே இருந்து நூல் தொங்கினால் ஓரத்தில் கண்ணி தொங்கும். கேரேஜை ஓரம் தாண்டி ரொம்ப தூரம் கொண்டுபோகிறவர்களுக்கும் இது வரும். கடைசி ஊசி தாண்டி ஒரு கை அகலம் போனால் போதும், திரும்பிவிடுங்கள். பஞ்ச் கார்டு டிசைன் போடும்போது மட்டும் மெஷினில் குறித்திருக்கும் கோடு வரை போய்த் திரும்ப வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் பஞ்ச் கார்டு ஈரத்தில் சுருண்டுகொள்ளும், டிசைன் தப்பும். புத்தகத்துக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக் குழவியை வையுங்கள்.

கேரேஜ் நடுவில் மாட்டிக்கொண்டால்? தள்ளாதீங்க. இதை மட்டும் இன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோங்க. நான் பார்த்த வளைந்த ஊசிகளில் முக்கால்வாசி மாட்டின கேரேஜை முரட்டுத்தனமாகத் தள்ளியதால் வளைந்தவை. முன் பிளேட்டின் ஸ்குரூக்களைத் தளர்த்தி அதை எடுங்கள். நூல் எங்கே சுற்றியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், கத்தரித்து எடுங்கள். பிறகு கேரேஜில் இருக்கும் விடுவிக்கிற பட்டனைத் திருப்பி மேலே தூக்குங்கள். ஊசிகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளி, நழுவிய கண்ணிகளைக் கொக்கிக் குச்சியால் ஏற்றிவிட்டு, கேரேஜை ஓரத்திலிருந்து புதுசாக ஏற்றுங்கள். அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

மழைக்காலம் முழுக்க மெஷின் சும்மா கிடக்கும் வீடுகள் உண்டு. பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வருகிற ஊர் நம்ம ஊர். பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டிவைத்தால் உள்ளே வேர்த்து ஊசி துருப்பிடிக்கும். பருத்தித் துணி போர்த்துங்கள். ஊசிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள், வாரம் ஒருமுறை சும்மாவாவது கேரேஜை நாலு தடவை ஓட்டுங்கள். அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் துரு வராது என்று சிலர் வைக்கிறார்கள், அங்கே கரி படியும். லேசான துருவை எண்ணெய்த் துணியால் தேய்த்து எடுக்கலாம். கொக்கியில் உப்புத்தாள் போடாதீங்க, கீறல் விழுந்தால் நூலைப் பிய்க்கும்.

நூல் பற்றி ஒரு வார்த்தை. மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் 1965-லிருந்து இருக்கிறது, பாரத் மெரினோ ஆடுகளைப் பார்க்க டூரிஸ்ட்டுகள் வருகிறார்கள். ராஜஸ்தான் ஆட்டோடு வெளிநாட்டு ஆட்டைக் கலந்து உருவாக்கிய, மென்மையான ரோமம் தரும் ஆடு அது. "நம்ம மலைக் கம்பளி" என்று சொல்லி விற்றால் லூதியானா ஸ்வெட்டருக்கு நடுவில் நம்ம பொருள் தனியாகத் தெரியும் என்று சில குழுக்கள் கேட்கிறீர்கள். யோசனை நல்லதுதான். ஆனால் கையால் நூற்ற கம்பளி ஒரு இடத்தில் தடிப்பாக, ஒரு இடத்தில் மெலிசாக இருக்கும். அதை 4.5 மில்லிமீட்டர் மெஷினில் போட்டால் தடித்த இடம் வரும்போது ஊசி வளையும். அதற்கு அகலமான இடைவெளி உள்ள மெஷின் வேண்டும், இல்லையென்றால் கை ஊசியில் பின்னுங்கள், விலையும் கூடக் கேட்கலாம். மெஷினுக்கு ஒரே சீரான நூல்தான் சரி. கடையில் சிட்டமாக வாங்கினால் அப்படியே போடாமல், நடுவிலிருந்து இழுக்கிற மாதிரி சுற்றிவிட்டு, சுற்றும்போது ஒரு வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டின் மேல் உரசிக்கொண்டு போகும்படி விடுங்கள். நாக்கில் சிக்காமல் ஓடும்.

இனி பணம். இது கூட்டமைப்புக் கூட்டம், பணம் பேசாமல் போகக் கூடாது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, ஓட்டியவர் பேர், என்ன நூல், டயல் எந்த எண்ணில் இருந்தது, எந்த ஊசி மாற்றியது. "இடது 23" என்று எண்ணோடு எழுதுங்கள். தீர்மானப் புத்தகம் எழுதுகிற நமக்கு இது பெரிய வேலையா? ஒரு குழு நோட்டைப் பார்த்தபோது நாலு மாதத்தில் வலது 11-ல் மூன்று தடவை ஊசி மாற்றியிருந்தார்கள். ஊசி மேல் தப்பில்லை, அந்தக் குழியின் பல் சாய்ந்திருந்தது. நோட்டு இல்லாவிட்டால் மூன்று பேர் மேல் பழி விழுந்திருக்கும். பள்ளிக்கூட ஸ்வெட்டர் ஆர்டரிலும் நோட்டு உதவும். போன வருஷம் டயல் எந்த எண்ணில் போட்டோம் என்று தெரிந்தால்தான் இந்த வருஷம் அதே அளவு வரும்.

விற்கிற ஒவ்வொரு ஸ்வெட்டரிலும் ஒரு சிறு தொகையை ஊசிப் பணம் என்று தனியாக எடுத்து வையுங்கள். லாபத்தைப் பிரித்த பிறகு எடுக்கலாம் என்றால் எடுக்கவே மாட்டோம். பிரிப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

புதுசாக மெஷின் வாங்கப் போகிற குழுக்கள், விலையை மட்டும் கேட்காதீங்க. ஐம்பது ஊசி, ஒரு ஸ்பாஞ்ச் தகடு, ஒரு செட் பிரஷ் சேர்த்துத் தருவாயா என்று கேளுங்க. ஒரு நாள் வந்து எல்லோருக்கும் கழற்றி மாட்டிக் காட்டுவாயா என்று கேளுங்க. இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு காசோலை கொடுங்கள். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஜப்பானின் பிரதர் கம்பெனி வீட்டு நிட்டிங் மெஷின் செய்வதை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மெஷின் உறுதியானதுதான், ஆனால் உதிரிப் பாகத்துக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு கம்பெனி ஊசி இன்னொரு கம்பெனி மெஷினில் பொருந்தாது. ஆர்டர் பண்ணும்போது பழைய ஊசி ஒன்றைக் கையில் வைத்து அளந்து சொல்லுங்கள்.

கடைசியாக, தலைவி அக்காவிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் தனித்தனியாகப் பத்து ஊசிக்குக் கூரியர் செலவு கொடுப்பதற்குப் பதில், கூட்டமைப்பே மொத்தமாக ஊசி, ஸ்பாஞ்ச், பிரஷ் வாங்கி அலுவலகத்தில் ஒரு அலமாரியில் வைக்கட்டும். வேண்டியவர்கள் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும். இன்றைய தீர்மானத்தில் இதைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் இரண்டு பெண்கள் பேர் கொடுத்தால், சீசன் தொடங்குவதற்கு முன் மூன்று நாள் உட்கார்ந்து மெஷினைக் கழற்றி மாட்டப் பழக்கிவிடுகிறேன். அதற்குக் கூலி வேண்டாம், மதியச் சாப்பாடும் பஸ் காசும் போதும். பழகியவர்கள் அடுத்த ஊருக்குப் போய்ப் பார்த்தால் அவர்களுக்கு என்ன தருவது என்பதையும் இன்றைக்கே பேசி முடிவு பண்ணுங்கள். சும்மா போய்ச் செய்யச் சொன்னால் இரண்டு தடவை போவார்கள், மூன்றாவது தடவை போக மாட்டார்கள்.

பின்னால் அந்த நீல மேஜையில் ஒரு மெஷினைப் பாதி கழற்றி வைத்திருக்கிறேன். ஸ்பாஞ்ச் செத்தது ஒன்று, நல்லது ஒன்று, இரண்டும் இருக்கிறது, அழுத்திப் பாருங்க. வளைந்த ஊசி ஒரு டப்பா நிறைய இருக்கிறது. டீ குடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாங்க.